ஒத்த கோணம் என்றாலே சமனா?

மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி தரம் 9 படிக்கிறான். ஒத்த கோணம், ஒன்றுவிட்ட கோணம், நேயக் கோணம் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறானாம். எப், இசட், யூ என்று ஆங்கில எழுத்து வடிவத்தைப் படத்தில் தேடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். படத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் எழுத்தும் தெரிவதில்லை, விடையும் வருவதில்லை. "மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற நம்ம ஊரில் சமாந்தரம், செங்குத்து இதையெல்லாம் எதைக் காட்டி விளங்கப்படுத்துவது?" என்றும் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, முதலில் தம்பியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "ஒத்த கோணங்கள் சமனா?" யோசிக்காமல் "ஆமா, சமன்" என்றான் என்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒத்த, ஒன்றுவிட்ட, நேய ஆகிய மூன்று பெயரும் கோணம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கின்றன. அதன் அளவைப் பற்றி அவை வாயே திறப்பதில்லை. ஏதோ இரண்டு நேர்கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டுகிற இன்னொரு கோடு, இவ்வளவு இருந்தால் போதும், ஒத்த கோணங்கள் உண்டாகிவிடும். அவை சமனாக இருக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு கோடுகளும் சமாந்தரமாக இருந்தாக வேண்டும். பெயர் முதலில், நிபந்தனை அடுத்து, அளவு கடைசியில். இந்த வரிசை தலைகீழாகப் போவதால்தான் பிள்ளைகள் படத்தில் சமாந்தரத்தைக் காட்டும் அம்புக்குறி போட்டிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் விடை எழுதுகிறார்கள்.

சொல்லி விளங்காது, செய்து காட்டுங்கள். கோடு போட்ட கொப்பியில் ஏதாவது இரண்டு கோடுகளைப் பேனையால் தடிப்பாக்குங்கள். நடுவில் நாலைந்து வரி இடைவெளி இருக்கட்டும். அவை அச்சிலேயே சமாந்தரமாக விழுந்தவை. இப்போது சாய்வாக ஒரு கோடு இழுத்து இரண்டையும் வெட்டுங்கள். அதுதான் குறுக்கோடி. மேல் சந்திப்பில் நான்கு கோணங்கள், கீழ்ச் சந்திப்பில் நான்கு. மேலே இடப்பக்க மேல்மூலையிலிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் 1, 2, 3, 4 என்றும், கீழேயும் அதே ஒழுங்கில் 5, 6, 7, 8 என்றும் எழுதுங்கள். கொப்பிக்குப் போடுகிற தெளிவான பொலித்தீன் உறையில் ஒரு துண்டை வெட்டி மேல் சந்திப்பின் மீது வைத்து, அங்குள்ள நான்கு கோணங்களையும் அப்படியே பிரதிசெய்து எடுங்கள். பிறகு துண்டைத் திருப்பாமல், குறுக்கோடியை விட்டு விலகாமல், கீழே நகர்த்துங்கள். கீழ்ச் சந்திப்பில் அச்சொட்டாகப் பொருந்தும். 1 போய் 5 மேல் உட்காரும், 2 போய் 6 மேல், 3 போய் 7 மேல், 4 போய் 8 மேல். இந்தச் சோடிகள்தான் ஒத்த கோணங்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த பக்கத்தில் கீழ்க்கோட்டை வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்து வரைந்து, அதே வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். குறுக்கோடி பொருந்தும், மற்றக் கோடு பொருந்தாது. 2 உம் 6 உம் இப்போதும் ஒத்த கோணங்கள்தான், ஆனால் சமனில்லை. என் அனுபவத்தில் முதல் படத்தைவிட இந்த இரண்டாவது படம்தான் பிள்ளைக்கு அதிகம் கற்றுக்கொடுக்கிறது. எல்லாப் பயிற்சியிலும் சமாந்தரக் கோடுகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சமாந்தரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியாமலே போய்விடுகிறது.

மற்ற இரண்டையும் தனியாகப் பாடமாக்கத் தேவையில்லை. கையில் ஏற்கெனவே இரண்டு உண்மைகள் இருக்கின்றன. ஒரு நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து நிற்கிற கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை. இரண்டு நேர்கோடுகள் வெட்டும் இடத்தில் எதிரெதிரே இருக்கிற கோணங்கள், அதாவது குத்தெதிர்க் கோணங்கள், சமன். இந்த இரண்டுக்கும் சமாந்தரம் என்ற நிபந்தனை கிடையாது, எங்கும் செல்லும். இப்போது கோடுகள் சமாந்தரம் என்று வைத்துக்கொள்வோம். 2 உம் 6 உம் சமன், ஒத்தவை. 2 உம் 4 உம் சமன், குத்தெதிரானவை. ஆகவே 4 உம் 6 உம் சமன். 4 உம் 6 உம் இரண்டு கோடுகளுக்கும் உள்ளே, குறுக்கோடிக்கு ஆளுக்கொரு பக்கமாக இருக்கின்றன பாருங்கள், ஒன்றுவிட்ட கோணங்கள் என்பது இவைதான். அடுத்து, 2 உம் 3 உம் சேர்ந்தால் 180. 2 க்குப் பதில் 6 ஐப் போட்டால் 3 உம் 6 உம் சேர்ந்து 180. இரண்டும் உள்ளே, குறுக்கோடிக்கு ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அவை நேயக் கோணங்கள். ஆக, பாடமாக்க வேண்டியது ஒன்று. மற்ற இரண்டையும் மறந்தால் பரீட்சை மண்டபத்திலேயே அரை நிமிடத்தில் திரும்ப உண்டாக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. சமாந்தரக் கோடுகள் இரண்டை ஒரு குறுக்கோடி வெட்டினால் எட்டுக் கோணங்கள் வருகின்றன, ஆனால் அளவுகள் அதிகபட்சம் இரண்டுதான். 2 ஆம் கோணம் 65 பாகை என்றால் 4, 6, 8 உம் 65, மற்ற நான்கும் 115. கூர்ங்கோணங்கள் எல்லாம் ஒரு அளவு, விரிகோணங்கள் எல்லாம் இன்னொரு அளவு. தம்பி விடையெழுதிய பிறகு படத்தைப் பார்த்து, கூர்ங்கோணமாகத் தெரிகிற இடத்தில் 115 என்று எழுதியிருக்கிறானா என்று ஒரு தடவை பார்த்தாலே பாதிப் பிழை பிடிபடும்.

எழுத்து வடிவத்துக்கு வருவோம். எப், இசட், யூ மூன்றும் பிழையான வழி என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் வழியாக இருக்கக்கூடாது. தலைகீழான எப், கண்ணாடியில் தெரிகிற எப், படுத்துக்கிடக்கிற எப் என்று வரும்போது பிள்ளை கணிதத்தை விட்டுவிட்டு எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும். அதைவிட நிச்சயமான வழி இது. கேட்கப்பட்ட இரண்டு கோணங்களையும் பென்சிலால் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் பொதுவான புயம் (கோணத்தை ஆக்கும் பக்கம்) எந்தக் கோட்டில் கிடக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் கோணத்தின் ஒரு புயமும் இரண்டாவது கோணத்தின் ஒரு புயமும் ஒரே கோட்டின் மேல் கிடந்தால் அந்தக் கோடுதான் குறுக்கோடி. மீதி இரண்டு புயங்களும் கிடக்கிற கோடுகள்தான் சமாந்தரமாக இருக்க வேண்டியவை. அவற்றில் அம்புக்குறி இருக்கிறதா? இருந்தால் மேலே போகலாம். பத்துக் கோடு குறுக்கும் மறுக்குமாகக் கிடக்கிற படத்திலும் இது தடுமாற வைக்காது. பொதுக்கோடே கிடைக்கவில்லை என்றால் அந்த இரண்டு கோணங்களையும் ஒரே படியில் ஒப்பிட முடியாது, நடுவில் இன்னொரு கோணம் வேண்டும்.

சில சமயம் நடுவில் ஒரு கோடே வேண்டியிருக்கும். பிள்ளைகள் பேனையைக் கீழே வைத்துவிடுகிற கணக்கு ஒன்று: மேலே ஒரு கோடு, கீழே அதற்குச் சமாந்தரமாக ஒரு கோடு. மேல்கோட்டின் ஒரு புள்ளியிலிருந்து வலப்பக்கமாகச் சரிந்து இறங்குகிற ஒரு துண்டு, நடுவழியில் முடங்கித் திரும்பி, இடப்பக்கமாக இறங்கிக் கீழ்க்கோட்டைத் தொடுகிறது. ரம்பொடைப் பக்கம் கொண்டையூசி வளைவுகளில் பஸ் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு வடிவம் தெரியும். மேல்கோட்டின் வலப்பக்கத்தோடு துண்டு ஆக்கும் கோணம் 40, கீழ்க்கோட்டின் வலப்பக்கத்தோடு ஆக்கும் கோணம் 35. முடக்கில் உள்ளே இருக்கும் கோணம் எவ்வளவு? கொடுத்திருக்கிற கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வழி தெரியாது. முடக்கு ஊடாக, மற்ற இரண்டுக்கும் சமாந்தரமாக, நாமே ஒரு கோடு வரைய வேண்டும். அந்தக் கோடு முடக்குக் கோணத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மேல் துண்டு 40, ஒன்றுவிட்ட கோணம். கீழ்த் துண்டு 35, அதுவும் ஒன்றுவிட்ட கோணம். விடை 75. இல்லாத கோட்டை வரையும் துணிச்சல் வந்துவிட்டால் கேத்திரகணிதத்தில் பாதிப் பயம் போய்விடும்.

இதுவரை சமாந்தரம் என்று தெரிந்த பிறகு கோணத்தைக் கண்டுபிடித்தோம். எதிர்த்திசையிலும் போகலாம். ஒத்த கோணங்கள் சமன் என்று தெரிந்தால் கோடுகள் சமாந்தரம் என்று முடிவு சொல்லலாம். இதை மறுதலை என்பார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும், ஆனால் இரண்டு வேறு கூற்றுகள். கி.மு. 300 அளவில் கிரேக்கக் கணிதர் யூக்ளிட் தன் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் பாகத்தில் இவற்றைப் பிரித்தே வைத்தார். கோணங்களிலிருந்து சமாந்தரத்துக்குப் போவது 27 ஆம், 28 ஆம் தேற்றங்கள். சமாந்தரத்திலிருந்து கோணங்களுக்குப் போவது 29 ஆம் தேற்றம். பிற்காலத்தில் நூற்றாண்டுக் கணக்காக வாதப்பொருளான தன் ஐந்தாவது எடுகோளை (நிறுவாமலே ஏற்றுக்கொண்ட கூற்றை) அவர் முதன்முதலில் எடுத்துப் பயன்படுத்தியது அந்த 29 இல்தான். தம்பியின் கருவிப் பெட்டியிலேயே மறுதலை இருக்கிறது. அடிமட்டத்தை அசையாமல் பிடித்து, மூலைமட்டத்தை அதன் ஓரமாக நகர்த்தி நகர்த்திச் சமாந்தரக் கோடு வரைகிறானே, அது ஏன் சரிவருகிறது? அடிமட்டம் குறுக்கோடி. நகர்ந்தாலும் மூலைமட்டத்தின் கோணம் மாறுவதில்லை. ஒத்த கோணங்கள் சமன், அதனால் கோடுகள் சமாந்தரம்.

விடைத்தாளில் காரணம் எழுதும்போது "ஒத்த கோணங்கள்" என்று மட்டும் எழுதாமல், எந்தக் கோடும் எந்தக் கோடும் சமாந்தரம் என்பதையும் சேர்த்து எழுதப் பழக்குங்கள். புள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை. எழுதுகிற கை நிபந்தனையைத் தேடப் பழகிவிடும்.

நம்ம ஊரில் எதைக் காட்டுவது என்றீர்கள். மலையைவிட நல்ல படம் எது? தேயிலை மலையில் ஓரளவு நேராகச் சரிகிற ஒரு பகுதியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிழல் மரங்கள் சரிவுக்கு ஏற்றபடி சாய்ந்து வளர்வதில்லை, நேரே மேல் நோக்கித்தான் நிற்கின்றன. ஆகவே மரங்கள் சமாந்தரக் கோடுகள், மலைச்சரிவுதான் குறுக்கோடி. சரிவு கிடைக்கோட்டோடு 25 பாகை என்றால் ஒவ்வொரு மரமும் மேட்டுப் பக்கத் தரையோடு 65 பாகையும் பள்ளப் பக்கத் தரையோடு 115 பாகையும் ஆக்கும். முதல் மரத்தின் 65 உம் பத்தாவது மரத்தின் 65 உம் ஒத்த கோணங்கள். அந்த வரிசையில் ஒரு மரமோ லைட் கம்பமோ மட்டும் 65 ஆக இல்லாமல் பள்ளத்தைப் பார்த்துச் சரிந்திருந்தால் அது மற்றவற்றுக்குச் சமாந்தரமில்லை. இது கணக்கோடு முடிகிற விசயமுமல்ல. நேராக நின்ற மரமும் கம்பமும் சாயத் தொடங்குவதை மண்சரிவின் முன்னறிகுறிகளில் ஒன்றாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவருகிறது. மழைக்காலத்தில் இந்தக் கோணத்தைக் கவனிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருப்பது நல்லதுதான்.

அதே மலையில் இன்னொரு குழப்பமும் தீரும். செங்குத்து என்றதும் பிள்ளைகள் மேலிருந்து நேரே கீழே இறங்கும் கோட்டை நினைக்கிறார்கள். அது நிலைக்குத்து, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் கிடைப்பது. செங்குத்து என்பது இரண்டு கோடுகளுக்கு நடுவிலான உறவு, 90 பாகை இருந்தால் போதும், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை. சமதரையில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் கொழும்புப் பிள்ளைக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது. சரிவில் நிற்கிற மரம் நிலைக்குத்து, ஆனால் தரைக்குச் செங்குத்தில்லை. நம்ம பிள்ளைகளுக்கு இது வாசலில் இறங்கினாலே தெரிகிறது.

சரிவின் கோணத்தை அளக்கவும் முடியும். பாகைமானியின் மையத்தில் நூலைக் கட்டி, நூல் முனையில் ஒரு சிறு கல். நீளமான பலகையைச் சரிவின் மேல் கிடத்தி, பாகைமானியைக் கவிழ்த்து, அதன் நேர் விளிம்பு பலகைக்குச் சமாந்தரமாக மேலே இருக்கும்படி பிடியுங்கள். சமதரையில் நூல் 90 இல் தொங்கும். சரிவில் அது 90 ஐ விட்டு விலகும், விலகிய அளவே சரிவின் கோணம். ஏன்? 90 என்ற கோடு பலகைக்குச் செங்குத்து, நூல் கிடைக்குச் செங்குத்து. இரண்டு கோடுகளுக்கு நடுவிலான கோணமும், அவற்றுக்கு வரைந்த செங்குத்துகளுக்கு நடுவிலான கோணமும் ஒன்றே. இதைத் தம்பி 90 இலிருந்து கழித்துக் கழித்துத் தானே நிறுவட்டும், இரண்டு வரிதான்.

ரயில் பாதையைச் சமாந்தரக் கோட்டுக்கு உதாரணமாகக் காட்டாத ஆளில்லை. மலைநாட்டில் அதைக் கொஞ்சம் பார்த்துத்தான் காட்ட வேண்டும். தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே எங்கும் 1,676 மில்லிமீற்றர்தான், உண்மை. ஆனால் நம்ம பாதையில் நேராக ஓடும் துண்டுகள் குறைவு. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல்கூடத் தண்டவாளம் வளைந்துதான் போகிறது. இடைவெளி மாறாத வளைகோடுகளுக்கு நாம் படித்த கோண விதிகள் செல்லாது. அந்த விதிகள் நேர்கோடுகளுக்கு.

தண்டவாளத்தைவிட சிலிப்பர் கட்டைகளைப் பாருங்கள், அங்கேதான் பாடம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டையும் தண்டவாளத்துக்குச் செங்குத்து. பாதை நேராக இருக்கும் இடத்தில் எல்லாக் கட்டைகளும் ஒரே கோட்டுக்குச் செங்குத்து, நேயக் கோணங்கள் 90 உம் 90 உம் சேர்ந்து 180, ஆகவே கட்டைகள் ஒன்றுக்கொன்று சமாந்தரம். வளைவில்? அங்கேயும் ஒவ்வொரு கட்டையும் தான் கிடக்கும் இடத்தில் தண்டவாளத்துக்குச் செங்குத்துத்தான், ஆனால் கட்டைகள் சமாந்தரமில்லை. வெளிப்பக்கம் விரிந்து, உள்பக்கம் நெருங்கி, எல்லாம் வளைவின் மையத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. "ஒரே நேர்கோட்டுக்குச் செங்குத்தான இரண்டு கோடுகள் சமாந்தரம்" என்ற தேற்றத்தில் "ஒரே நேர்கோடு" என்பது அலங்காரத்துக்குப் போட்டதில்லை என்பது அந்த வளைவில் தெரியும். தெமோதரையில் பாதை வட்டமடித்துத் தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் நுழைகிறதல்லவா? அப்படி ஒரு முழுச் சுற்றுக்கு வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட ஏறக்குறைய பத்தரை மீற்றர் நீளம். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் அதே பத்தரைதான். ஏன் என்று பரிதிச் சூத்திரம் படித்த பிறகு தம்பி கண்டுபிடிக்கட்டும்.

அந்தத் தேற்றத்தில் இன்னொரு நிபந்தனையும் மறைந்திருக்கிறது. எல்லாம் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். காம்பிரா மூலையைப் பாருங்கள், இரண்டு சுவரும் தரையும் சேரும் இடத்தில் மூன்று விளிம்புகள். அவற்றில் இரண்டு, மூன்றாவதற்குச் செங்குத்து. ஆனால் அவை சமாந்தரமில்லை, தங்களுக்குள்ளும் செங்குத்து.

கடைசியாக ஒன்று, ஒன்றுவிட்ட கோணத்தின் பலத்தைக் காட்ட. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த கிரேக்க அறிஞர் எரதோஸ்தனிஸ், அந்நாட்டின் தெற்கிலிருந்த சியீன் நகரில் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாளில் அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை, என்று கண்டு, அதிலிருந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். இதை நம் நாட்டிலேயே செய்யலாம். ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது, நுவரெலியாவுக்கு ஏப்ரல் 7, 8 ஆம் திகதியை ஒட்டி. அன்று நடுப்பகலில் நுவரெலியாவில் நிலைக்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. அதே நேரம் யாழ்ப்பாணத்தில் ஒரு மீற்றர் கம்புக்கு வடக்குப் பக்கமாக ஏறக்குறைய 4.7 சென்ரிமீற்றர் நிழல் விழும். கம்பு, நிழல், நுனியைத் தொட்டு வரும் கதிர் மூன்றும் ஆக்கும் முக்கோணியிலிருந்து கதிருக்கும் கம்புக்கும் நடுவிலான கோணம் சுமார் 2.7 பாகை.

இரண்டு ஊரிலும் விழும் கதிர்கள் சமாந்தரம், சூரியன் அவ்வளவு தூரம். இரண்டு கம்பையும் தரைக்குள் நீட்டினால் பூமியின் மையத்தில் சந்திக்கும். நுவரெலியாக் கம்பு கதிரின் கோட்டிலேயே கிடக்கிறது. யாழ்ப்பாணக் கம்பின் கோடுதான் குறுக்கோடி. கம்பின் நுனியில் இருக்கும் 2.7 உம் பூமியின் மையத்தில் இருக்கும் கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள், ஆகவே மையத்திலும் 2.7. இரண்டு ஊருக்கும் தெற்கு வடக்காக உள்ள தூரம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் (பஸ் ஓடுகிற தூரத்தை எடுக்கக்கூடாது, அது வளைந்து வளைந்து போவது). 2.7 பாகைக்கு 300 என்றால் 360 க்கு 40,000 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவு அதுதான்.

செய்து பார்க்க யாழ்ப்பாணத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், போனில் பேசிக்கொள்ளலாம். ஒரே தொல்லை, ஏப்ரல் நடுப்பகலில் நுவரெலியாவில் வானம் மூடிக்கொள்ளக்கூடும். பதுளையும் கிட்டத்தட்ட அதே அகலக்கோட்டில்தான் இருக்கிறது, அங்கேயும் ஒரு கம்பை நட்டு வையுங்கள்.